முழங்கால் வலி அப்பாவோட லங்கோலென் போறோம், எங்க நடக்கலாம்?

கேள்வி: நாங்க இங்கிலாந்துல வாரிங்டன்ல இருக்கோம். திருச்சியில இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. மே கடைசி வாரம் பையனுக்கு லீவு, வேல்ஸ்ல லங்கோலென்ல 3 நாள் ரூம் போட்டிருக்கோம். அப்பாவுக்கு 68 வயசு, வலது முழங்கால் தேய்மானம், ஊர்ல தினமும் காலைல அரை மணி நேரம் சமதரையில நடப்பார், படி இறங்கினா மட்டும் வலி. அம்மாவுக்கு சுகர், நல்லா நடப்பாங்க ஆனா உயரம்னா பயம். பையனுக்கு 6. நெட்ல தேடினா ஏதோ கோட்டை மலையைக் காட்டி ஈஸி வாக், போக வர 2 மைல்தான்னு போட்டிருக்கு. அப்பாவை அங்க கூட்டிட்டுப் போலாமா? இல்லாட்டி வேற எங்க நடக்கலாம்? இன்னொண்ணு, கைத்தடி வாங்கித் தரேன்னா கௌரவக் குறைச்சல்ங்கிறார், என்ன பண்றது?

பதில்:

கோட்டை மலைக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போகாதீங்க. முதல்ல இதைச் சொல்லிட்டு மத்ததுக்கு வரேன், ஏன்னா ரூம்ல இருந்து பாத்தா அந்த மலை கைக்கெட்டற தூரத்துல இருக்கும், அப்பாவே "இதென்ன, இந்தா இருக்கு, போய்ட்டு வந்துடலாம்"னு கிளம்புவார், நீங்களும் சரின்னுடுவீங்க.

அது பேரு டினாஸ் பிரான். 1260கள்ல கட்டின வேல்ஸ்காரங்க கோட்டை, 1277லயே எரிச்சுட்டாங்க, இப்ப மேல ரெண்டு மூணு இடிஞ்ச சுவரும் வளைவும்தான் மிச்சம். வியூ பிரமாதம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா டவுன்ல இருந்து உச்சிக்கு 200 மீட்டருக்கு மேல ஏறணும். அப்பா திருச்சிக்காரர்தான, அவர்கிட்ட அவர் கணக்குலயே சொல்லுங்க: மலைக்கோட்டை 83 மீட்டர், அப்ப இது ரெண்டரை உச்சிப் பிள்ளையார் கோயில், அதுவும் படியும் கைப்பிடியும் நிழலும் இல்லாம, புல்லும் சரளைக்கல்லுமா இருக்கிற சரிவுல. 2 மைல்னு போட்டவன் பொய் சொல்லல, தூரத்தை மட்டும் சொன்னான்.

நான் பிசியோதெரபிஸ்ட், வேலைக்குப் போகாத நாள்ல பாதி நாள் இந்தப் பக்கம்தான் சுத்திட்டு இருப்பேன், அப்படி இருந்தும் ஒரு தடவை இந்தத் தப்பை நானே பண்ணேன். என் மாமியாரைக் கூட்டிட்டுப் போனேன். ஏறும்போது ஒரு பிரச்சனையும் இல்ல, நடுவுல ரெண்டு தடவை உக்காந்தாங்க, மேல போய் போட்டோலாம் எடுத்தோம், எனக்கு ஒரே பெருமை. இறங்க ஆரம்பிச்சு 10 நிமிஷத்துல காலைத் தரையில வைக்கவே யோசிக்கறாங்க, சைடா திரும்பி ஒரு அடி, நின்னு ஒரு அடி, கடைசியில புல்லு மேல உக்காந்து உக்காந்து நகர்ந்து வந்தாங்க, ஏறினதை விட ரெண்டு மடங்கு நேரம். அடுத்த நாள் முழங்கால் வீங்கிப் போச்சு. வீட்டுக்காரர் ஒண்ணுமே சொல்லல, அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

முழங்கால் தேய்மானத்துல இதுதான் விஷயம். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனா முட்டிக்கு அடி விழறது இறங்கும்போதுதான். ஒவ்வொரு அடியிலயும் உடம்பு கீழ விழாம தொடைத் தசை பிரேக் பிடிக்கணும், அந்த அழுத்தம் மொத்தமும் சில்லு எலும்புக்குப் பின்னாடி போய் உக்காரும். அப்பாவுக்குப் படி இறங்கினா மட்டும் வலிங்கறீங்கல்ல, அது இதேதான். அதனால அவருக்கு வாக் செலக்ட் பண்ணும்போது மைலைப் பாக்காதீங்க, ஏத்த இறக்கத்தைப் பாருங்க, அப்புறம் நினைச்ச இடத்துல திரும்பி வர முடியுமான்னு பாருங்க. அவ்வளவுதான் பாக்கணும். அவர் தினமும் அரை மணி சமதரையில நடக்கறவர், அந்த மாதிரி தரை கிடைச்சா இங்கயும் தாராளமா நடப்பார், நடுவுல உக்கார்ந்து எந்திரிச்சா ஒரு மணி நேரம் கூட.

இந்த மாதிரி மலை ஊர்ல சமதரைக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. லங்கோலென்ல ஒரு கால்வாய் இருக்கு. நீங்க தெரியாம ரூம் போட்டிருந்தாலும் சரியான ஊர்லதான் போட்டிருக்கீங்க.

200 வருஷத்துக்கு முன்னாடி தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸப்பும் போட்ட கால்வாய் அது. படகு போற கால்வாய்ல தண்ணி மட்டம் மாறணும்னா லாக் வைக்கணும், அதாவது கதவு வச்சு தண்ணியை ஏத்தி இறக்கற தொட்டி. இந்த இடத்துல அதெல்லாம் வேணாம்னு முடிவு பண்ணி, மலைச் சரிவுல ஒரே உயரத்தைப் பிடிச்சு, மலை வளைஞ்சா அதுவும் வளைஞ்சு, பள்ளம் வந்தா பாலம், குன்று வந்தா சுரங்கம்னு ரசமட்டம் வச்ச மாதிரி கொண்டு போயிருக்காங்க. 11 மைலுக்கு ஒரு லாக் கூட கிடையாது, 2009ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சது இந்த 11 மைலைத்தான். அந்தக் காலத்துல படகை இழுத்தது குதிரை, குதிரை நடக்க தண்ணி ஓரமாவே ஒரு பாதை போட்டாங்க, டோபாத்னு சொல்வாங்க, இப்ப நாம நடக்கறது அதுலதான். குதிரைக்குப் போட்ட சமதரை, உங்கப்பா முட்டிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்.

ஓஎஸ் மேப் (ஆர்ட்னன்ஸ் சர்வே, இங்கத்த அரசாங்க மேப்) ஒண்ணு வாங்கினீங்கன்னா, எக்ஸ்ப்ளோரர் 255, 256 ரெண்டும் இந்தப் பக்கம்தான் கவர் ஆகும், அதுல பழுப்புக் கலர்ல மெல்லிசா கோடு கோடா இருக்கும். ஒவ்வொரு கோடும் ஒரே உயரம். டினாஸ் பிரான் கிட்ட அந்தக் கோடெல்லாம் வெங்காயத்தைக் குறுக்கால வெட்டின மாதிரி நெருக்கமா ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கும், கால்வாய் மட்டும் அந்தக் கோடுகளை வெட்டாம அதுங்க கூடவே ஓடும். பையனுக்கு 6 வயசுன்னா விரல் வச்சு காட்டுங்க, புரிஞ்சுக்குவான். வேற எந்த ஊருக்குப் போனாலும் இதே டெஸ்ட்தான், நடக்கப் போற பாதை எத்தனை பழுப்புக் கோட்டைத் தாண்டுதுன்னு எண்ணிப் பாத்தாலே உங்களுக்குத் தெரிஞ்சுடும்.

சரி, முதல் நாள். டவுன்ல இருந்து மேற்கால ஹார்ஸ்ஷூ ஃபால்ஸ் வரைக்கும், ஒரு பக்கம் சுமார் 2 மைல். பேர்ல ஃபால்ஸ்னு இருந்தாலும் குத்தாலம் மாதிரி கற்பனை பண்ணிட்டுப் போகாதீங்க, அப்பா ஏமாந்துடுவார். அது டீ (Dee)ங்கிற ஆத்துக்குக் குறுக்க லாட வடிவத்துல வளைச்சுக் கட்டின ஒரு தடுப்பணை, 140 மீட்டர் நீளம், 1808ல முடிச்சது, தண்ணி கண்ணாடி மாதிரி வழுக்கிட்டு வழியும், சத்தம் கூட ரொம்ப இருக்காது. அங்க ஒரு மதகு வழியா ஆத்துத் தண்ணி கால்வாய்க்குள்ள போகுது, இன்னிக்கும் செஷையர் பக்கம் குடிதண்ணிக்கு இந்தத் தண்ணிதான் போய்ச் சேருது. அதனாலதான் மத்த கால்வாய் மாதிரி குட்டையா தேங்கிக் கிடக்காம இது மெதுவா ஓடிட்டே இருக்கும், ஒரு இலையைப் போட்டுப் பாத்தா தெரியும், பையனோட வேகத்துக்கு அந்த இலை சரியான ஜோடி.

ஒரே ஒரு இடத்துல உஷார். ஸ்டேஷன், பாலம் இருக்கிற ரோட்ல இருந்து கால்வாய் கரைக்குப் போக ஒரு சின்ன ஏத்தம் இருக்கு, சின்னதுதான் ஆனா செங்குத்து. அதை மொதல்லயே ஏறிடறதால பிரச்சனை இல்ல, திரும்பி வரும்போது களைச்ச காலோட இறங்கணும், அங்க அவசரப்படுத்தாதீங்க. மேல போய்ட்டா அப்புறம் கேரம்போர்டு மாதிரி தரை. ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் மரம், கீழ ஆறும் ரயில் பாதையும். மே கடைசியில மரத்தடியில வெள்ளைப் பூவோட காட்டுப்பூண்டு மண்டிக் கிடக்கும், தாளிக்கிற வாசனை மாதிரியே வரும், அம்மா கண்டிப்பா துவையலுக்குப் பறிக்கலாமான்னு கேப்பாங்க, பாதையோரத்துல இருக்கிறது எல்லாம் நாய் போற இடம்னு சொல்லித் தடுத்துடுங்க.

இந்த மேற்குப் பக்கக் கால்வாய் ரொம்பக் குறுகல், இஞ்சின் படகை விட மாட்டாங்க. 1884ல இருந்தே ஜனங்களை ஏத்திட்டு குதிரை இழுக்கிற படகு ஓடுது, இப்பவும் சீசன்ல ஓடுது, முக்கால் மணி நேரப் பயணம். நடக்கும்போது எதிர்ல குதிரை வந்தா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, குதிரைக்கும் படகுக்கும் நடுவுல நீளமா கயிறு இருக்கும், அதனால தண்ணிப் பக்கம் ஒதுங்காதீங்க, வேலிப் பக்கம் ஒதுங்கி பையனைக் கையில பிடிச்சுட்டு நில்லுங்க, குதிரை போனதும் கிளம்பிடாம படகு தாண்டற வரைக்கும் நிக்கணும்.

ஹார்ஸ்ஷூ ஃபால்ஸுக்கு கொஞ்சம் முன்னாடி செயின் பிரிட்ஜ்னு ஒரு தொங்குபாலம் வரும், ரொம்ப வருஷம் மூடிக் கிடந்து 2015ல திரும்பத் திறந்தாங்க. அதைத் தாண்டி அந்தக் கரையில கொஞ்சம் ஏத்தம் ஏறினா பெர்வின் ஸ்டேஷன். லங்கோலென்ல இருந்து கார்வென் வரைக்கும் 10 மைலுக்குப் பழைய ரயில் ஓட்டறாங்க, அதுல முதல் ஸ்டாப் இது. என் ஐடியா என்னன்னா, போகும்போது நடந்துட்டு வரும்போது ரயில்ல வந்துடுங்க. எல்லா நாளும் ஓடாது, டைம்டேபிளைப் பாத்துட்டு அதுக்கேத்த மாதிரி நடையைக் கிளப்புங்க. அப்பாவுக்குத் திரும்பற கவலை இல்லாம இருந்தாலே நடை பாதி லேசாயிடும், நான் என் பேஷன்ட்ஸ்கிட்ட தினமும் பாக்கற விஷயம் இது, இன்னும் எவ்வளவு திரும்ப நடக்கணுமோன்னு நினைச்சுட்டே நடக்கறவங்க சீக்கிரம் களைச்சுடறாங்க. அம்மாவுக்கு அந்தத் தொங்குபாலம் வேணாம்னு தோணுச்சுன்னா வந்த வழியே திரும்பிடலாம், ஒண்ணும் நஷ்டமில்ல.

ரெண்டாவது நாள்தான் பெரிய விஷயம், பொன்ட்கசல்தே தொட்டிப்பாலம். நம்ம ஊர்ல மாத்தூர் தொட்டிப்பாலம் பாத்திருக்கீங்களா, பள்ளத்தாக்கு மேல தண்ணியைத் தொட்டியில கொண்டு போறது, அதேதான், ஆனா இதுல தண்ணியோட சேந்து படகும் போகும். 307 மீட்டர் நீளம், 38 மீட்டர் உயரம், கீழ டீ ஆறு. 1795ல ஆரம்பிச்சு 1805ல திறந்தது. தூணெல்லாம் கல்லு, மேல தொட்டி வார்ப்பிரும்பு. சுண்ணாம்புக் காரையில மாட்டு ரத்தம் கலந்தாங்க, இரும்புத் தகடு மூட்டுக்கு வேல்ஸ் கம்பளித் துணியைச் சர்க்கரைப் பாகுல முக்கி அடைச்சாங்கன்னு அங்க எல்லாரும் சொல்வாங்க. நம்ம ஊர்ல பழைய கட்டடம்னாலே கருப்பட்டியும் கடுக்காயும்னு சொல்ற மாதிரி.

லங்கோலென்ல இருந்து டோபாத்லயே போனா சுமார் 4 மைல், அப்பாவுக்கு ஒரு பக்கமே அதிகம். நீங்களும் வீட்டுக்காரரும் வேணா ஒரு நாள் சாயங்காலம் நடங்க, மே மாசம் 9 மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். டவுன் தாண்டினதும் பாறையைக் குடைஞ்சு ஒரே ஒரு படகு போற அகலத்துக்குக் கால்வாய் ஒடுங்கிடும், படகுல இருந்து ஒருத்தர் இறங்கி முன்னாடி ஓடிப் போய் எதிர்ல யாராவது வராங்களான்னு பாத்துட்டு கையை ஆட்டுவார், பாக்கவே தமாஷா இருக்கும். பெரியவங்களோட போறதுக்கு ட்ரெவர் பேசின் கார் பார்க்கிங்தான் சரி. இடம் ரொம்பக் கம்மி, லீவு வாரம் வேற, காலைல 10 மணிக்குள்ள போயிடுங்க. அங்கிருந்து பாலத்தோட வாய் சமதரையிலயே சில நிமிஷ நடைதான்.

இப்ப அம்மா விஷயம். இந்தப் பாலத்துல நடக்கிற பாதை ஒரு பக்கம்தான், அந்தப் பக்கத்துல நெஞ்சளவுக்குக் கம்பி இருக்கு. நீங்க நடக்கிற பலகைக்குக் கீழயும் தண்ணிதான் ஓடுது, தொட்டி முழு அகலத்துக்கு இருக்கு, பாதை அதுக்கு மேல நீட்டிட்டு இருக்கு, ஏன்னா படகு வரும்போது தள்ளற தண்ணிக்குப் போக இடம் வேணும்ல. தண்ணிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னா, ஒண்ணுமே இல்ல. தொட்டி விளிம்பு தண்ணிக்கு மேல ஒரு சாண் கூட இருக்காது, அதுக்கப்புறம் வெறும் காத்து. படகுல உக்காந்துட்டுப் போறவங்களுக்கு ஒரு பக்கம் பாத்தா வானத்துல மிதக்கிற மாதிரிதான் இருக்கும். அதனால உயரம் பயம்னா படகுல போயிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அம்மாவுக்கு படகுதான் மோசம்.

அவங்களை வற்புறுத்த வேணாம். ட்ரெவர் பக்கமே பெஞ்ச்ல உக்காந்து படகு திரும்பறதைப் பாத்துட்டு இருக்கலாம், அந்த நீளப் படகுங்க 90 டிகிரி வளைஞ்சு பாலத்துக்குள்ள நுழையறதைப் பாத்தாலே நேரம் போறது தெரியாது. வரேன்னு அவங்களா சொன்னா கைப்பிடிக் கம்பியை ஒரு கையால பிடிச்சுட்டு, கண்ணைக் கீழ விடாம முன்னாடி போற உங்க முதுகைப் பாத்துட்டு வரச் சொல்லுங்க, முதல் தூண் வரைக்கும் வந்து பிடிக்கலைன்னா திரும்பிடுங்க. பையன் கை உங்க கைலயே இருக்கணும், ஓடவே விடக்கூடாது. சைக்கிள்காரங்க இறங்கித் தள்ளிட்டு வருவாங்க, பாதை குறுகல்ங்கறதால ஒருத்தர் சைடா திரும்பினாதான் இன்னொருத்தர் போக முடியும், அந்த நேரத்துல அப்பா கம்பிப் பக்கம் நிக்கட்டும். காத்து நல்லா வீசும், கீழ டீ-ஷர்ட்ல இருந்தவங்க மேல வந்ததும் ஸ்வெட்டர் தேடுவாங்க. தொப்பி, தாவணி, போன் எல்லாம் பத்திரம், 38 மீட்டர் கீழ போய் எடுக்க முடியாது.

பாலத்தைக் கீழ இருந்து பாக்கணும்னு ஆசை வரும், அது நியாயமான ஆசைதான், தூணுங்களோட அழகே கீழ இருந்துதான் தெரியும். ஆனா ட்ரெவர்ல இருந்து ஆத்துக்கு இறங்கற பாதை செங்குத்து, அப்பா வேணாம். கார்ல டீ மாவர் (Ty Mawr) கன்ட்ரி பார்க் போயிடுங்க, பக்கத்துலதான், ஆடு கழுதை கோழி எல்லாம் இருக்கும், பையன் அங்கயே செட்டில் ஆயிடுவான். அங்கிருந்து ஆத்தோரமா நடந்தா பாலத்தோட அடிவாரத்துக்கே போகலாம், டோபாத் அளவுக்கு மட்டமா இருக்காது, மழை பெஞ்சிருந்தா சேறு, அன்னிக்கு அப்பா கால் எப்படி இருக்குன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மூணாவது நாள் வீட்டுக்குத் திரும்பும்போது சர்க். ஏ483ல வாரிங்டன் பக்கமில்லாம கொஞ்சம் தெற்கால போகணும், ஆனா பையனுக்காகவே போகலாம். சர்க் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துலயே கால்வாய் பள்ளத்துல போகும், இறங்கினா சுரங்கம், 421 மீட்டர், உள்ள கும்மிருட்டு, டோபாத் சுரங்கத்துக்குள்ளயும் போகுது. டார்ச் கண்டிப்பா வேணும், போன் டார்ச் பத்தாது, ஆளுக்கொண்ணு எடுத்துட்டுப் போங்க. தரை ஈரமா மேடுபள்ளமா இருக்கும், கைப்பிடி இருக்கு. நடுவுல நின்னு பாத்தா அந்தப் பக்க வாய் தபால்தலை சைஸ்ல தெரியும், எதிர்ல ஒரு படகு லைட்டைப் போட்டுட்டு வந்துச்சுன்னா பையன் ஒரு மாசத்துக்கு அதையே பேசுவான். அந்தப் பக்கம் வெளிய வந்ததும் உடனே இன்னொரு தொட்டிப்பாலம், 1801ல முடிச்சது, 21 மீட்டர் உயரம்தான், பக்கத்துலயே ஒட்டின மாதிரி அதை விட உயரமா ரயில் பாலம் நிக்கறதால அம்மாவுக்கு உயரம் அவ்வளவா தெரியாது. கீழ ஓடற கெய்ரியாக் ஆறுதான் எல்லை, பாலத்தைத் தாண்டினா இங்கிலாந்து. வேல்ஸ்ல இருந்து இங்கிலாந்துக்கு நடந்தே போனேன்னு அப்பா திருச்சிக்கு போன் போட்டுச் சொல்லிக்கலாம். இருட்டுல அப்பாவுக்குத் தடுமாற்றம் இருக்கும்னா சுரங்கத்துக்கு மேல ரோட்லயும் போகலாம், கட்டாயம் ஒண்ணுமில்ல.

இதெல்லாம் போக நேரம் இருந்தா கார்லயே வாலே க்ரூசிஸ் அபே போங்க, 1201ல ஆரம்பிச்ச மடம், இப்ப கூரையில்லாம நிக்குது, பின்னாடி துறவிங்களோட மீன்குளம் இன்னும் இருக்கு, உள்ள புல்தரைதான், நடை ரொம்ப கம்மி. பிளாஸ் நியூவித் தோட்டமும் டவுனுக்குள்ளயே, ஆனா அதுக்கு ஏத்தம், அப்பாவை மேல வரைக்கும் கார்ல கொண்டு போய் விடுங்க. அப்புறம் மேல இருந்து வியூ பாக்கணும்ங்கிற ஆசைக்கு ஹார்ஸ்ஷூ பாஸ், ஏ542 ரோடு, 400 மீட்டருக்கு மேல காரே ஏத்தி விட்டுடும், ஆட்டுக்குட்டி ரோட்டுக்குக் குறுக்க வரும், மெதுவா ஓட்டுங்க. வேல்ஸ்ல 2023 செப்டம்பர்ல இருந்து ஊருக்குள்ள பொதுவா 20 மைல் ஸ்பீடுதான், வாரிங்டன்ல ஓட்டற பழக்கத்துல போனீங்கன்னா வீட்டுக்கு லெட்டர் வரும். ரோட்டுல "அராவ்"னு எழுதியிருந்தா மெதுவான்னு அர்த்தம்.

ஊர் பேரைப் பத்தி ஒண்ணு. இங்கிலீஷ்காரங்களே திணறுவாங்க, நாம எழுதற லங்கோலெனும் முழுசா சரி கிடையாது. ல சொல்ற இடத்துல நாக்கை வச்சுட்டு, குரலே இல்லாம ரெண்டு சைடுலயும் காத்தை மட்டும் ஊதணும், அதான் அந்த எழுத்து. ழ சொல்றவங்களுக்கு இதெல்லாம் கஷ்டமில்ல, பாட்டியும் பேரனும் கார்ல போட்டி போடட்டும்.

அம்மா சுகருக்கு: வழக்கமா சாப்பிடற நேரத்துக்கு எங்க இருந்தாலும் சாப்பிட வைங்க, டோபாத் நடுவுல கடை வராது, புளியோதரையோ சப்பாத்தியோ கையில இருக்கட்டும், சட்டுன்னு மயக்கம் மாதிரி வந்தா குடுக்க ஏதாவது இனிப்பும் உங்க பையில இருக்கணும், அவங்க பையில இல்ல. ராத்திரி ரூமுக்கு வந்ததும் ரெண்டு பாதத்தையும் விரலிடுக்கையும் நல்லா பாருங்க, கொப்புளம் வந்தா அவங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். டூருக்குன்னு புது ஷூ வாங்கி முதல் நாளே போட விடாதீங்க, வாங்கறதா இருந்தா இந்த வாரமே வாங்கி வீட்டுக்குள்ள போட்டுப் பழகட்டும். அப்பாவுக்கு ஒரு நாள் நடந்து அடுத்த நாள் காலைல முட்டி வீங்கியிருந்தா அன்னிக்கு ரெஸ்ட், ரயிலும் குதிரைப் படகும் எதுக்கு இருக்கு. கொஞ்சமா வலி இருந்து ராத்திரி தூங்கி எழுந்ததும் பழைய நிலைக்கு வந்துட்டா பயப்பட வேணாம், அது பரவால்ல.

டினாஸ் பிரானுக்கு உங்களுக்கே ஆசை இருந்தா காலைல சீக்கிரமா நீங்களும் வீட்டுக்காரரும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் போய்ட்டு வாங்க. அப்பாகிட்ட மட்டும் முன்னாடியே சொல்லாதீங்க.

கடைசியா கைத்தடி. தடின்னு சொல்லாதீங்க, ட்ரெக்கிங் போல்னு சொல்லுங்க, கடையில பெரும்பாலும் ஜோடியா விப்பாங்க, ஒரு ஜோடி வாங்கி ஒண்ணை நீங்க எடுத்துட்டு நடக்க ஆரம்பிங்க. டோபாத்ல 10 நிமிஷம் நின்னீங்கன்னா 30 வயசுக்காரங்கள்ல இருந்து 80 வயசுக்காரங்க வரைக்கும் அதை ஊனிட்டுப் போவாங்க, அவரே பாப்பார். நேரா நின்னு தரையில ஊனிப் பிடிச்சா முழங்கை சுமார் 90 டிகிரி மடங்கற உயரத்துக்குக் கைப்பிடி இருக்கட்டும், அதுல கைப்பிடி உயரத்தை மாத்தலாம். வலிக்கிறது வலது கால்னு எல்லாரும் வலது கைல பிடிப்பாங்க, அது தப்பு. வாங்கிக்கிட்டார்னா இடது கைல குடுங்க, வலது காலும் அந்தத் தடியும் ஒரே நேரத்துல தரையில படணும். வாங்கிக்கலைன்னா நீங்க பிடிச்சிருக்கிறதையே அந்த ஸ்டேஷன் இறக்கம் வரும்போது ஒரு நிமிஷம் பிடிங்கப்பான்னு நீட்டுங்க, அந்த நேரத்துல வேணாம்னு சொல்ல மாட்டார்.